டோபமின் கூடினால் ஞாபகம் கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

மூளை, மருந்து, ஞாபகம் பற்றி வந்த கடிதங்களில் டோபமினைத் தொட்டவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். டோபமின் என்பது மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள். பதில்களில் வரும் மருந்தளவுகள் ஆய்விலும் மருத்துவத்திலும் கையாளப்பட்டவை. அவற்றைப் பார்த்து யாரும் தாமாக மாத்திரை எடுக்கக் கூடாது.

செயல்நினைவு என்பதும் ஞாபக சக்தியும் ஒன்றா? டோபமினுக்கு அதில் என்ன வேலை?
– பள்ளி ஆசிரியை, திருச்சி

ஒன்றல்ல. சின்ன வயதில் மனப்பாடம் செய்த குறள் இன்றும் வாயில் வருகிறதே, அது நீண்டகால நினைவு. வங்கியிலிருந்து வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யைப் பார்த்துவிட்டு, திரை மாறியபின் அடித்து முடிக்கும்வரை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் செயல்நினைவு. 500 ரூபாயிலிருந்து 138-ஐ மனக்கணக்காகக் கழிப்பதும் அதன் வேலையே. பிடித்து வைக்க வேண்டும், பிடித்ததைப் புரட்டவும் வேண்டும், இடையில் யாராவது பேசினால் சிதறாமலும் இருக்க வேண்டும். இதன் கொள்ளளவு மிகச் சிறியது. சேர்த்துச் சேர்த்துக் கட்டும் உத்திகள் எதுவும் இல்லாமல் பார்த்தால் நான்கு பொருள் வரைதான் தாங்கும்.

இதைத் தாங்கும் முக்கியமான இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி. அங்கே டோபமின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1979-ல் புரோசோஸ்கி, பேட்ரிஷியா கோல்ட்மன் (பின்னாளில் கோல்ட்மன்-ராகிச்) குழுவினர் ரீசஸ் குரங்குகளில் காட்டினார்கள். இடது குழி, வலது குழி என்று மாறி மாறித் தீனியைத் தேட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சில விநாடி திரை போடப்படும். போன முறை எந்தப் பக்கம் போனோம் என்று பிடித்து வைத்திருந்தால்தான் இப்போது சரியான பக்கம் கை போகும். முன்நெற்றிப் புறணியில் டோபமினை மட்டும் அழித்தபோது, அந்தப் புறணியையே வெட்டி எடுத்ததற்கு நிகராகக் குரங்குகள் தடுமாறின. உடலில் டோபமினாக மாறும் லெவோடோபாவோ, டோபமினைப் போலவே செயல்படும் அபோமார்ஃபினோ கொடுத்ததும் தடுமாற்றம் நீங்கியது. செயல்நினைவையும் டோபமினையும் இணைக்கும் ஆய்வுகளுக்கு இதுவே அடித்தளம்.

குறைந்தால் கெடுகிறது சரி. அப்படியானால் கூட்டினால் இன்னும் கூர்மையாக வேண்டும் அல்லவா?
– மருத்துவக் கல்லூரி மாணவர், மதுரை

எல்லோரும் இடறும் இடம் இது. அளவுக்கும் திறனுக்கும் உள்ள உறவை வரைபடமாகப் போட்டால் ஏறுகோடு வராது, கவிழ்த்து வைத்த கிண்ணம்தான் வரும். இரண்டு ஓரமும் தாழ்வு, நடுவில் மேடு.

மேட்டுக்குக் காரணம் நரம்பணு மட்டத்தில் இருக்கிறது. பொருள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும், அது இருந்த இடத்துக்கென்று சில அணுக்கள் தொடர்ந்து துடித்துக்கொண்டிருக்கும். நினைவு என்று நாம் சொல்வது அந்தத் துடிப்பைத்தான். நரம்பணுவில் டோபமின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் டி1, டி2 என வகைகள் உண்டு. டி1 ஏற்பியில் டோபமின் அளவாக விழுந்தால், தொடர்பில்லாத திசைகளுக்கான துடிப்பு அடங்கி, வேண்டிய திசைக்கானது தனித்துத் தெரியும். அளவு மீறினால் அணுவுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு ஏறி, அயனி வாய்க்கால்கள் திறந்து, வேண்டிய துடிப்பும் சேர்ந்து அணைந்துவிடும். 2007-ல் விஜயராகவன், ஆமி ஆர்ன்ஸ்டன் குழு இதைக் குரங்குகளின் தனித்தனி நரம்பணுக்களிலேயே பதிவு செய்தது. மனஅழுத்தத்தின்போது இந்தப் பகுதியில் டோபமினும், அதேபோல் செய்தி கடத்தும் இன்னொரு வேதிப்பொருளான நோரட்ரினலினும் தாமாகவே எகிறும். தேர்வு அறையில் தெரிந்த கணக்கே மறந்துபோவதன் பின்னால் இதுவும் உண்டு.

மனிதர்களில் தெளிவான சான்று 1997-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிம்பர்க், டெஸ்பொசிட்டோ, ஃபாரா செய்தது. இளைஞர்களுக்கு புரோமோகிரிப்டின் 2.5 மி.கி. ஒரே வேளை கொடுத்தார்கள். இது டி2 ஏற்பியைத் தூண்டும் மருந்து. அனைவரின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் மருந்தின் குணம் பிடிபட்டிருக்காது. செயல்நினைவுக் கொள்ளளவை முன்கூட்டியே அளந்து பிரித்துப் பார்த்ததில், குறைந்த கொள்ளளவுக்காரர்கள் தேறினார்கள். உயர்ந்த கொள்ளளவுக்காரர்கள் சறுக்கினார்கள். 2008-ல் ரோஷன் கூல்ஸ் குழு பெட் ஸ்கேன் (உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் பின்தொடர்ந்து படமெடுக்கும் முறை) மூலம் இதற்கான விளக்கத்தைத் தந்தது: கொள்ளளவு குறைந்தவர்களின் மூளையாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் உற்பத்தித் திறனும் குறைவு. அவர்கள் கிண்ணத்தின் இடது சரிவில் நிற்பவர்கள், மருந்து மேலே தள்ளுகிறது. ஏற்கெனவே உச்சியில் நிற்பவரை அதே மருந்து வலது சரிவில் உருட்டிவிடுகிறது.

ஆகவே ‘இந்த மருந்து ஞாபகத்துக்கு நல்லதா’ என்று கேட்டால், யாருக்கு, எந்த அளவில், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை போட்டால் ஒரே இரவில் பாடம் முழுக்க ஏறிவிடும் என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
– பொறியியல் மாணவி, கோவை

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள நிலை) உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. பல குழந்தைகளைப் பாடத்தில் உட்கார வைத்திருக்கிறது. வெளியே வந்த டோபமினையும் நோரட்ரினலினையும் நரம்பணு திரும்ப உள்ளிழுக்காமல் தடுப்பது அதன் வேலை. 2000-ல் கேம்பிரிட்ஜில் மேத்தா குழு நலமான ஆண்களுக்கு 40 மி.கி. கொடுத்து பெட் ஸ்கேன் எடுத்தது. இடம் சார்ந்த செயல்நினைவுச் சோதனையில் பிழை குறைந்தது. கூடவே முன்நெற்றிப் புறணியின் மேல்பக்கப் பகுதியிலும் உச்சிமடலிலும் இரத்த ஓட்டமும் குறைந்தது, அதாவது குறைந்த செலவில் வேலை நடந்தது. அங்கும் அதிகம் பயன்பெற்றவர்கள் அடிப்படைக் கொள்ளளவு குறைந்தவர்களே.

இது அந்த நேரத்துச் செயல்நினைவு. பாடம் ‘ஏறுவது’ நீண்டகால நினைவு, அது கெட்டிப்படத் தூக்கம் வேண்டும். சாதாரண வகை மாத்திரையின் இரத்த அளவு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். வேகம் குறைகிறதே என்று இரவு பத்து மணிக்கு இன்னொன்று போட்டால் தூக்கம் போய்விடும். படித்ததைப் பதியவைக்க வேண்டிய நேரமும் அதோடு போகும். தேர்வுப் பதற்றம் டோபமினை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும்போது மேலும் ஏற்றினால் வலது சரிவுதான். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஏறும், பசி போகும். இதயக் கோளாறு இருப்பது தெரியாமல் எடுப்பவருக்கு ஆபத்து நிஜமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்கமருந்தின் உப்புக் கலவையை நலமானவர்களுக்குக் கொடுத்து 2013-ல் இலியேவா, ஃபாரா குழு சோதித்தபோது, பெரும்பாலான சோதனைகளில் மதிப்பெண் நகரவில்லை. ஆனால் மருந்து எடுத்தவர்கள் தாம் நன்றாகச் செய்ததாக நம்பினார்கள். டோபமின் முனைப்பையும் நம்பிக்கையையும் தூக்கிவிடும். விடுதியில் பரவும் புகழுக்கு இந்த உணர்வே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

இந்தியாவில் மீத்தைல்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுவது. இரட்டைப் பிரதிச் சீட்டு வேண்டும், ஒரு பிரதியை மருந்துக் கடை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. நண்பரின் அட்டையிலிருந்து ஒன்றை வாங்கிப் போடுவது சட்டப்படியும் குற்றமே.

ஆய்வுக் கட்டுரைகளில் சில இடத்தில் மருந்துக்குப் பின் மூளை ‘அதிகம் செயல்படுகிறது’, சில இடத்தில் ‘குறைவாகச் செயல்படுகிறது’ என்கிறார்கள். இரண்டையும் நல்ல விளைவு என்றே எழுதுகிறார்கள். எப்படிப் படிப்பது?
– உளவியல் ஆய்வு மாணவர், சென்னை

அருமையான கேள்வி. முதலில் சோதனையைப் பாருங்கள். பெரும்பாலும் என்-பேக். எழுத்துகள் இரண்டு விநாடிக்கு ஒன்றாகத் திரையில் வரும். இரண்டு-பேக் என்றால், இப்போது வந்த எழுத்து இரண்டு எழுத்துக்கு முன் வந்ததாக இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். க, த, க என்று வந்தால் மூன்றாவதில் அழுத்தணும். க, த, த என்றால் கூடாது. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று சுமை ஏறும்.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் காட்டுவது நரம்பணுவின் துடிப்பை நேரடியாக அல்ல. அந்த இடத்துக்கு வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி மாறுகிறது என்பதைத்தான். சுமை ஏறினால் சமிக்ஞை ஏறும். தாங்க முடியாத சுமையில் ஆள் கைவிட்டுவிட்டால் சமிக்ஞை விழும். ஆகவே சமிக்ஞை குறைந்ததைப் பார்த்தவுடன் மதிப்பெண்ணைப் பாருங்கள். மதிப்பெண் அப்படியே இருந்தோ கூடியோ சமிக்ஞை குறைந்தால் சிக்கனம். மதிப்பெண்ணும் சேர்ந்து விழுந்தால் கைவிடல். மதிப்பெண் குறைந்து சமிக்ஞை ஏறினால் திணறல். மதிப்பெண்ணைத் தராமல் வண்ணப் படத்தை மட்டும் காட்டும் கட்டுரையை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

2003-ல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் மாத்தே, வைன்பர்கர் குழு செய்தது இதற்கு நல்ல பாடம். முன்நெற்றிப் புறணியில் டோபமினை உள்ளிழுக்கும் கடத்தி மிகக் குறைவு, அதனால் சி.ஓ.எம்.டி. என்ற நொதி சிதைப்பது அங்கே கணிசமான பங்கு வகிக்கிறது. இந்த நொதியின் மரபணுவில் வால் வகை வேகமாகச் சிதைக்கும், மெட் வகை மெதுவாக. பெற்றோர் இருவரிடமிருந்தும் வால் பெற்றவர் வால்-வால், மெட் பெற்றவர் மெட்-மெட். ஆம்ஃபெட்டமினை உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மி.கி. கொடுத்தபோது வால்-வால் ஆட்களின் புறணி சிக்கனமாக வேலை செய்தது. மெட்-மெட் ஆட்கள் சுமை குறைந்தவரை தாக்குப்பிடித்தார்கள். மூன்று-பேக்கில் சமிக்ஞை ஏறி, மதிப்பெண் விழுந்தது. மருந்தும் அளவும் ஒன்றே. நின்ற இடம்தான் வேறு.

நீங்களே ஆய்வு வடிவமைப்பதானால் எங்கே கெடும் என்று சொல்கிறோம். ஆம்ஃபெட்டமின், மீத்தைல்ஃபெனிடேட் இரண்டும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். டோபமினே இரத்தக் குழாயில் வேலை செய்யும். சமிக்ஞை மாறியது மருந்து குழாயைத் தொட்டதாலா, நரம்பணுவைத் தொட்டதாலா? மின்னி மறையும் சதுரங்கப் பலகைப் படத்தைக் காட்டி, பார்வைப் புறணியின் சமிக்ஞையை இரண்டு நாளும் ஒப்பிடுங்கள். அதுவும் அதே அளவு மாறியிருந்தால் உங்கள் முடிவு குழாயின் கதை. துடிப்பையும் மூச்சையும் ஸ்கேன் முழுக்கப் பதிவு செய்யுங்கள்.

மருந்து, போலி மாத்திரை இரண்டையும் ஒரே ஆளுக்கு வெவ்வேறு நாளில் கொடுங்கள். பாதிப் பேருக்கு முதலில் மருந்து, மீதிப் பேருக்கு முதலில் போலி. இடைவெளியை அரைவாழ்நாளை (இரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) வைத்துக் கணக்கிடுங்கள். டோபமின் தூண்டியான காபர்கோலின் அரைவாழ்நாள் சுமார் 65 மணி; ஐந்து மடங்கு போக 325 மணி, கிட்டத்தட்ட 14 நாள். ஒரு வாரம் விட்டு அழைத்தால் ‘போலி’ நாளிலும் மருந்து இருக்கும். என்-பேக் பழகப் பழகத் தேறும் சோதனை. ஆகவே ஸ்கேனுக்கு முன்பே தேறுதல் நிற்கும்வரை பழக்கிவிடுங்கள். டோபமின் தூண்டிகள் குமட்டும். அதற்கு டோம்பெரிடோன் கொடுப்பது வழக்கம், அது மூளைக்குள் அதிகம் நுழையாது என்பதால். மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தால் நீங்கள் தூண்டிய ஏற்பியை நீங்களே அடைத்தவராவீர்கள். பெண்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்ற இறக்கம் டோபமின் விளைவை மாற்றும் என்பதால் மாதச் சுழற்சியின் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைக் கொள்ளளவை முன்னரே அளக்காத ஆய்வில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ‘விளைவு இல்லை’ என்று வரும். இந்தத் துறையில் வீணான உழைப்பில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான்.

அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். லெவோடோபா ஆரம்பித்தபின் நடை தேறியது. ஆனால் சில விஷயங்களில் யோசனை தடுமாறுவதாகத் தோன்றுகிறது. மாத்திரைதான் காரணமா?
– மகள், தஞ்சாவூர்

இருக்கலாம். ஆனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு குழம்பல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

லெவோடோபா பொதுவாகச் செயல்நினைவுக்கு உதவுவதுதான். மருந்தில்லாத நிலையில் அதே என்-பேக்குக்கு நோயாளிகளின் புறணி அதிகம் உழைப்பதையும், மருந்து எடுத்தபின் அந்த உழைப்பு குறைவதையும் 2002-ல் ஸ்கேனில் கண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில். இந்த நோயில் ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதியில் டோபமின் வறண்டுபோகிறது, கீழ்ப்பகுதியில் ஆரம்ப ஆண்டுகளில் ஓரளவு மிஞ்சியிருக்கும். மேலே போதுமான அளவு கீழே மிகையாகிவிடும். 2001-ல் கூல்ஸ் குழு கண்டது இதையே: மருந்தோடு இருக்கும்போது ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது தேறுகிறது, நேற்றுவரை பலன் தந்தது இன்று தரவில்லை என்று கற்றுக்கொள்வது கெடுகிறது. அப்பாவுக்குக் கணக்கும் பேச்சும் சரியாக இருந்து, பணம், பேரம், பந்தயம் போன்றவற்றில் மட்டும் முடிவு பிசகினால் இந்தத் திசையில் யோசிக்கலாம்.

பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற தூண்டி மாத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். 2010-ல் வெளியான 3,090 நோயாளிகளின் ஆய்வில், அவற்றை எடுத்தவர்களில் 17.1 சதவீதத்தினருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, தீனி, பாலியல் வேட்கை போன்றவற்றில் ஒன்றாவது இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். நோயாளிகள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், அதனால் வீட்டார்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே டிரைஹெக்சிபெனிடில் 2 மி.கி. இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். நடுக்கத்துக்குத் தரப்படும் அந்த மாத்திரை டோபமினைச் சேர்ந்ததல்ல, அசிட்டைல்கோலினை அடைப்பது. முதியவர்களின் ஞாபகத்தை அது நேரடியாகவே மங்கவைக்கும்.

அட்டையில் உள்ள எண்ணையும் படியுங்கள். 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மி.கி. 125 என்றால் 100-ம் 25-ம். 275 என்றால் 250-ம் 25-ம். லெவோடோபா இரத்தத்திலேயே டோபமினாக மாறி வீணாகாமல் தடுக்க நாளொன்றுக்கு கார்பிடோபா 70 முதல் 100 மி.கி. வேண்டும். 110 மாத்திரை மூன்று வேளை என்றால் 30-தான் சேரும். குமட்டல் வரும், மூளைக்குப் போவதும் குறையும். மருத்துவரிடம் 125 பற்றிக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ ஒரு மணி பின்போ கொடுங்கள். பருப்பு, முட்டை, பால், தயிர் இவற்றின் புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு அதே கடத்திக்குப் போட்டியிடும். இரும்புச் சத்து மாத்திரை அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

ஒரு வாரம் குறிப்பெடுங்கள். மாத்திரை எடுத்த நேரம், உடல் இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம். இளகிய வேளையில் ஒருமுறையும் இறுகிய வேளையில் ஒருமுறையும், விநாடிக்கு ஒரு எண்ணாகச் சொல்லித் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். 5, 8, 2 என்றால் 2, 8, 5. சரியாகச் சொல்லச் சொல்ல வரிசையை ஒவ்வோர் எண்ணாக நீட்டுங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு, இரண்டும் தவறினால் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புது எண்கள் வேண்டும். இறுகிய வேளையில் மட்டும் குறைகிறதா, இளகிய வேளையிலா என்ற இந்த ஒரு தாள், மருந்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தீர்மானிக்க நரம்பியல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

பூனைக்காலி விதையில் டோபமின் இருக்கிறதாமே. மாத்திரைக்குப் பதில் அதையே எடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

அதில் இருப்பது லெவோடோபா. பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததை 1937-ல் வெளியிட்டவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தாக வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய வேலை அது! 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில், 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு வழக்கமான மாத்திரையைவிட வேகமாக, சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்தது; மாத்திரைக்கு 69 நிமிடம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. விதைக்கு விதை, விளைந்த நிலத்துக்கு நிலம் லெவோடோபா மாறும். வறுத்தால், வேகவைத்தால் குறையும். கார்பிடோபா சேராததால் அதிக அளவு வேண்டும். மாத்திரையோடு சொல்லாமல் சேர்த்தால் உடல் தானாக ஆடுவதும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரும். சித்த மருத்துவரிடம் போனாலும் நரம்பியல் மருத்துவருக்கும் தெரிந்தே எடுங்கள்.

டோபமினை அடைக்கும் மருந்துகள் புத்தியை மந்தமாக்குமா? மனச்சிதைவுக்கு ஹாலோபெரிடால் எடுக்கும் உறவினருக்காகக் கேட்கிறேன்.
– வாசகி, யாழ்ப்பாணம்

இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் அடங்குவதற்கு டி2 அடைபட வேண்டும். எவ்வளவு என்பதை 2000-ல் கபூர் குழு பெட் ஸ்கேனில் அளந்தது: 65 சதவீதத்துக்கு மேல் அடைபட்டால் குணம், 72-க்கு மேல் புரோலாக்டின் (பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்) ஏற்றம், 78-க்கு மேல் விறைப்பும் நடுக்கமும். இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். குரங்குகளுக்கு மாதக்கணக்கில் ஹாலோபெரிடால் கொடுத்தபோது முன்நெற்றிப் புறணியின் டி1 ஏற்பிகள் குறைந்து செயல்நினைவு கெட்டது. டி1 தூண்டியைச் சில நாள் கொடுத்ததும் அது மீண்டது.

மந்தம் முழுவதையும் மருந்தின் தலையில் போட முடியாது. செயல்நினைவுக் குறை இந்த நோயிலேயே, மருந்து தொடங்கும் முன்பே இருப்பது. விறைப்போ நடுக்கமோ தெரிந்தால் அளவு மிகையாகியிருக்கலாம். அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று மனநல மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

‘டோபமின் விரதம்’ இருந்தால் செயல்நினைவு தேறுமா?
– வாசகர், ஈரோடு

ஒரு நாள் கைப்பேசியைத் தள்ளி வைத்தால் மூளையில் டோபமின் வற்றவும் செய்யாது, சேரவும் செய்யாது. கவனம் சிதறாமல் ஒரு வேலையை முடிப்பீர்கள், அது நல்லதே. அதற்கு டோபமின் பெயர் தேவையில்லை.

சி.ஓ.எம்.டி. மரபணுவைச் சோதித்து மருந்தளவை முடிவு செய்யலாமா?
– ஆய்வகத் தொழில்நுட்பர், சேலம்

இப்போதைக்கு வேண்டாம். குழுக்களின் ஸ்கேனில் வேறுபாடு தெரிந்தாலும், பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது என்-பேக் மதிப்பெண்ணில் இந்த மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட இல்லை. ஒருவருடைய கொள்ளளவை அறிய மேலே சொன்ன தலைகீழ் எண் சோதனை அதைவிட அதிகம் சொல்லும், செலவும் இல்லை. பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு: இதே நொதியைத் தடுக்கும் என்டகாபோன் மூளைக்குள் நுழையாது, இரத்தத்தில் லெவோடோபாவைக் காப்பதோடு சரி. டால்காபோன் நுழையும், ஆனால் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது என்பதால் தொடர்ந்து இரத்தச் சோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.